பாலிக்கு குடும்பத்தோட முதல் தடவை போறீங்களா, என்ட்ரி பத்தியும் பாதுகாப்பு பத்தியும் எனக்குத் தெரிஞ்சதெல்லாம்

கேள்வி இதுதான்: ஜூலைல நாலு பேர், கணவன் மனைவி, 8 வயசுப் பொண்ணு, 67 வயசு அம்மா, எல்லாருக்கும் இந்தியன் பாஸ்போர்ட், முதல் ஃபாரின் ட்ரிப்பே பாலிதான், ஏழு நாள். ஏர்போர்ட்ல உள்ள விடுவாங்களா, என்னென்ன காமிக்கணும், அங்க பயமில்லாம சுத்தலாமா. நான் ட்ராவல் டெஸ்க்ல பதினோரு வருஷமா இருக்கேன், பாலிக்கு மட்டும் ஆறு தடவை க்ரூப் கூட்டிட்டுப் போயிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல பயத்தைப் பத்தி. பாலில அடிதடின்னு டூரிஸ்ட் மேல விழறது கம்மி, ஜனங்க தங்கமானவங்க. நான் பார்த்த வரைக்கும் அங்க போய் கஷ்டப்பட்டவங்க எல்லாம் மூணே மூணு விஷயத்துலதான் மாட்டியிருக்காங்க: கிழிஞ்ச பாஸ்போர்ட், வாடகை ஸ்கூட்டர், கடல். மூணுமே கிளம்பறதுக்கு முன்னாடியே நீங்க முடிவு பண்ணிடக்கூடிய விஷயம்தான், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

பாஸ்போர்ட்லேருந்து ஆரம்பிக்கலாம். இறங்கற தேதிலேருந்து ஆறு மாசம் வேலிடிட்டி இருக்கணும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா பாலி இருக்கற இந்தோனேஷியாவுல இன்னொண்ணு இருக்கு, பாஸ்போர்ட் கொஞ்சம் கிழிஞ்சிருந்தாலும், தண்ணி பட்டு உப்பியிருந்தாலும், போட்டோ பக்கத்து லேமினேஷன் தூக்கியிருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க, இதுல பாலி ரொம்ப ஸ்ட்ரிக்ட். அப்படி திருப்பி அனுப்பினா கூட்டிட்டு வந்த ஏர்லைன்தான் திரும்பக் கூட்டிட்டுப் போகணும், அபராதமும் அவங்க தலையில விழும், அதனால அவங்க இங்க செக்-இன் கவுன்ட்டர்லயே நிறுத்திடுவாங்க.

ஒரு தடவை என் கண்ணு முன்னாடியே நடந்துச்சு. க்ரூப்ல ஒரு அம்மா, பாஸ்போர்ட்டை பத்திரமா பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருந்தாங்க, அந்தக் கவரோட மடிப்பே உள்பக்கத்தை இழுத்து தையல் ஓரத்துல ஒரு நகக்கண் அளவு கிழிச்சிருக்கு, அவங்களுக்கே தெரியாது. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு கவரைக் கழட்டிட்டு ஒவ்வொரு பக்கமா விரல் நுனியால ஓரத்தைத் தடவிக்கிட்டே வந்துச்சு, அந்த இடத்துல விரல் நின்னுச்சு, சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச்சு, முக்கால் மணி நேரம் பேசிப் பார்த்தோம், அந்த அம்மா போர்டிங் ஆகல. அவங்க பையன் மட்டும் போறதா வேணாமான்னு அழுதுக்கிட்டு நின்னது இன்னும் கண்ணுலயே இருக்கு. அதனால இன்னைக்கே நாலு பாஸ்போர்ட்டையும் கவர்லேருந்து உருவி, நல்ல வெளிச்சத்துல பக்கம் பக்கமா பாருங்க. பாப்பா பாஸ்போர்ட்ல பேனா கிறுக்கல் இருக்கான்னு பாருங்க, டூரிஸ்ட் இடங்கள்ல விளையாட்டுக்கு குத்தற ஸ்டாம்ப் எதையும் அதுல குத்த விடாதீங்க. ஏதாவது சந்தேகமா இருந்தா ரீ-இஷ்யூ அப்ளை பண்ணிடுங்க, ஜூலைக்கு இன்னும் டைம் இருக்கு.

விசா. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா ஆன் அரைவல் உண்டு, 5 லட்சம் ரூபியா, 30 நாள், தேவைன்னா ஒரே ஒரு தடவை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். ரூபியான்னா இந்தோனேஷிய ரூபியா, நம்ம ரூபாய் இல்ல, லட்சத்தைப் பார்த்து பயந்துடாதீங்க. குழந்தைக்கும் தனியா எடுக்கணும், முழுக் காசுதான், ஆக நாலு பேருக்கு 20 லட்சம் ரூபியா. ஏர்போர்ட்ல கியூல நின்னும் வாங்கலாம், ஆனா வீட்லயே ஆன்லைன்ல எடுத்துட்டுப் போறது நல்லது, அதை இ-வி-ஓ-ஏ ன்னு சொல்லுவாங்க. ரொம்ப முன்னாடியே எடுக்காதீங்க, எடுத்ததுலேருந்து 90 நாளுக்குள்ள நாட்டுக்குள்ள போயாகணும், ஜூன் கடைசில எடுத்தா சரியா இருக்கும்.

இதுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. கூகுள்ல பாலி விசான்னு தேடினா மேல வர்றதுல பாதி ப்ரைவேட் சைட், பார்க்க கவர்மென்ட் மாதிரியே கொடி சின்னம் எல்லாம் போட்டிருப்பாங்க, ரெண்டு மடங்கு மூணு மடங்கு காசு வாங்குவாங்க, சிலது காசை வாங்கிட்டு ஒண்ணுமே பண்ணாது. இந்தோனேஷிய கவர்மென்ட் சைட் எதுவா இருந்தாலும் முகவரி டாட் கோ டாட் ஐடி ன்னுதான் முடியும், கோ ங்கறது ஜி, ஓ ரெண்டே எழுத்து. விசா சைட்ல அதுக்கு முன்னாடி இமிகிராசி ன்னு அவங்க மொழில இருக்கும். டாட் காம் ன்னு முடிஞ்சா மூடிட்டு வெளிய வந்துடுங்க.

ஃபார்ம் நிரப்பும்போது பேர் விஷயம் நம்ம ஆளுங்களுக்கு எப்பவும் தலைவலி. நமக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது, சிலர் பாஸ்போர்ட்ல கிவன் நேம் மட்டும் இருக்கும், சர்நேம் காலியா இருக்கும். அம்மா பாஸ்போர்ட் பழசா இருந்தா இன்னும் குழப்பமா இருக்கும். போட்டோ பக்கத்தோட அடியில அம்புக்குறி மாதிரி நிறைய வர்ற ரெண்டு வரி இருக்கு பாருங்க, மெஷின் படிக்கறது அதைத்தான், அதுல என்ன பேர் எந்த வரிசைல இருக்கோ அதையே விசாவுலயும் போடுங்க. டிக்கெட்லயும் அதே பேர்தான் வரணும். பாஸ்போர்ட் நம்பரை டைப் பண்ணிட்டு ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் சரிபாருங்க, பூஜ்யத்துக்கு ஓ போட்டுட்டு ஏர்போர்ட்ல மறுபடி காசு கட்டினவங்களை எனக்குத் தெரியும், ஏன்னா தப்பா எடுத்த விசாவுக்கு காசு திரும்ப வராது.

அடுத்தது ஆல் இந்தோனேஷியா ன்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம். முன்னாடி கஸ்டம்ஸுக்கு ஒண்ணு, ஹெல்த்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா நிரப்பிக்கிட்டு இருந்தோம், 2025 அக்டோபர் 1லேருந்து எல்லா இன்டர்நேஷனல் ஏர்போர்ட்லயும் இந்த ஒரே ஃபார்ம்தான். இறங்கறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள நிரப்பணும், முடிஞ்சதும் ஒரு கியூஆர் கோட் வரும். இது முழுக்க ஃப்ரீ, யாராவது காசு கேட்டா அது போலி சைட். கியூஆரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க, அங்க இறங்கினதும் நெட் கிடைக்குமான்னு நம்பி நிக்க வேணாம்.

அப்புறம் பாலி மாகாணம் தனியா வாங்கற டூரிஸ்ட் வரி, ஒரு ஆளுக்கு ஒண்ணரை லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரி 14லேருந்து இருக்கு, லவ் பாலி ன்னு ஆப் இருக்கு, அதுலயே கட்டிடலாம். இது விசா கிடையாது, இதைக் காமிச்சாதான் இமிக்ரேஷன் விடுவாங்கன்னு இல்ல, ஆனா சுத்திப் பார்க்கற இடங்கள்ல செக் பண்றாங்க, கட்டிட்டுப் போறதுதான் மரியாதை. கோயில்களையும் சுத்துப்புறத்தையும் பராமரிக்கத்தான் அந்தக் காசு.

ரிட்டர்ன் டிக்கெட் பிரிண்ட், முதல் ஹோட்டல் புக்கிங் பிரிண்ட், விசா பிரிண்ட், இன்ஷூரன்ஸ் பேப்பர், இது நாலும் ஒரு ஃபைல்ல அம்மா கையில இருக்கட்டும், இன்னொரு செட் உங்க போன்ல. இமிக்ரேஷன்ல விசா கையில இருந்தா ஆட்டோகேட் வழியா போகலாம், பாஸ்போர்ட்டை வச்சு, கண்ணாடி தொப்பி கழட்டி கேமராவைப் பார்த்து நின்னா கதவு திறக்கும், ஸ்டாம்ப் குத்த மாட்டாங்க, அதனால ஸ்டாம்ப் இல்லையேன்னு பதற வேணாம். மெஷின் அம்மா முகத்தை எடுக்கலன்னா பக்கத்துலயே ஆள் இருக்கற கவுன்ட்டர் இருக்கு, குடும்பமா சேர்ந்தே அங்க போயிடுங்க. எதுக்கு வந்தீங்க, எத்தனை நாள்ன்னு கேட்டா டூரிஸம், ஏழு நாள்ன்னு சுருக்கமா சொன்னா போதும். யூட்யூப் சேனல் இருக்கு, வீடியோ எடுக்க வந்தோம்னு ஆர்வத்துல சொல்லாதீங்க, அந்த விசால காசு வர்ற எந்த வேலையும் பண்ணக்கூடாது, ஏன், சும்மா வாலன்டியர் வேலைக்கே ஆளுங்களை டீபோர்ட் பண்ணியிருக்காங்க.

நேர் ஃப்ளைட் இல்லாம சிங்கப்பூர் வழியா போறதா இருந்தா ரெண்டு விஷயம். ஒண்ணு, டிக்கெட் ஒரே பிஎன்ஆர்ல இருக்கான்னு பாருங்க, சீப்பா இருக்குன்னு ரெண்டு தனித்தனி டிக்கெட் போட்டுட்டா, பெட்டி எடுத்து மறுபடி செக்-இன் பண்ண சிங்கப்பூருக்குள்ள போகவேண்டி வரும், அதுக்கு அந்த நாட்டு விசா வேணும். ரெண்டு, வேப், அதாவது இ-சிகரெட், யார் பையிலயும் இருக்கக்கூடாது, பாலில கடையில வித்தாலும் சிங்கப்பூர்ல அதை வச்சிருக்கறதே குற்றம்.

மருந்து பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அம்மா வர்றாங்க. இந்தோனேஷியாவுல போதைப்பொருள் சட்டம் ரொம்பக் கடுமையானது, கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு, நிறைவேத்தியும் இருக்காங்க, பாலி நைன் ன்னு சொல்ற ஆஸ்திரேலிய க்ரூப் 2005ல பிடிபட்டாங்க, அதுல ரெண்டு பேரை 2015 ஏப்ரல்ல சுட்டாங்க. கஞ்சா கொஞ்சூண்டு வச்சிருந்தாலும் ஜெயில், கஞ்சாச் செடிலேருந்து எடுத்து சிபிடி ஆயில்னு வலிக்கு தேய்க்கறதும் அதே கணக்குதான். பார்ட்டி ஏரியால யாராவது காதுல வந்து கேட்டா நிக்காம நடங்க. மத்தவங்க பெட்டியை, பார்சலை, எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும், நீங்க தூக்கிட்டுப் போகாதீங்க, இதை கை கூப்பி கேட்டுக்கறேன்.

நம்ம வீட்டு மருந்துலயே வில்லங்கம் இருக்கலாம். தூக்க மாத்திரை அல்ப்ராசோலம், கோடீன் கலந்த இருமல் சிரப் இதெல்லாம் அங்க கட்டுப்பாட்டுல இருக்கற மருந்து. அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல லெட்டர் வாங்குங்க, மருந்தோட ஜெனரிக் பேர், ஒரு நாளைக்கு எத்தனை, எதுக்காகன்னு அதுல இருக்கணும். பிபி, சுகர் மாத்திரைக்கு பிரச்சினை இல்ல, ஆனா ஸ்ட்ரிப்லேருந்து பிரிச்சு சின்ன டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போகற பழக்கத்தை இந்த ஒரு ட்ரிப்புக்கு விட்டுடுங்க, ஸ்ட்ரிப்போடவே, பிரிஸ்க்ரிப்ஷனோடவே, கைப்பையில. மூணு நாள் எக்ஸ்ட்ரா வச்சுக்குங்க, காரணம் கீழ எரிமலை பத்தி சொல்லும்போது புரியும்.

ஏர்போர்ட் வெளிய வந்ததும் டாக்ஸி டாக்ஸின்னு சூழ்ந்துக்குவாங்க. ஹோட்டல்லேருந்தே வண்டி சொல்லிடறது அம்மாவுக்கு நிம்மதி, இல்லன்னா கிராப் ங்கற ஆப் டாக்ஸிக்கு ஏர்போர்ட்லயே தனி இடம் இருக்கு. ஊருக்குள்ள கிராப், கோஜெக், புளூபேர்ட் மூணு ஆப்பும் போன்ல இருக்கட்டும். சில கிராமங்கள்ல ஆப் வண்டி ஏத்தக்கூடாதுன்னு போர்டே வச்சிருப்பாங்க, அங்க லோக்கல் டிரைவர் ஆளுங்களோட பொழைப்பு அது, அதை மதிச்சு அவங்க வண்டில போங்க, ரேட்டை மட்டும் ஏறதுக்கு முன்னாடி பேசிடுங்க. நாலு பேருக்கு நாள் வாடகைக்கு டிரைவரோட கார் எடுக்கறதுதான் என்னோட பரிந்துரை, உபுத், கிந்தாமணி, உலுவாத்து எல்லாத்துக்கும் அதுதான் வசதி.

ஸ்கூட்டரை இதுல சேர்க்கவே இல்ல கவனிச்சீங்களா, வேணும்னேதான். ரீல்ஸ்ல வயலுக்கு நடுவுல ஸ்கூட்டர்ல போறதைப் பார்த்து எல்லாரும் ஆசைப்படறாங்க, இங்க தினம் வண்டி ஓட்டறவங்கதானே, அங்கயும் இடது பக்கம்தானேன்னு எடுத்துடறாங்க. சந்து ரோடு, எதிர்ல லாரி, மழை பெஞ்சா பாசி, மேடு இறக்கத்துல தெரியாத வண்டியோட பிரேக். அதைவிட முக்கியம் இன்ஷூரன்ஸ், டூ வீலர் லைசென்ஸும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் இல்லாம ஓட்டி விழுந்தா கம்பெனி ஒரு பைசா தராது, சில பாலிசில டூ வீலரே கவர் ஆகாதுன்னு சின்ன எழுத்துல இருக்கும். அங்க ப்ரைவேட் ஆஸ்பத்திரில முதல்ல கார்டைத் தேய்ங்கன்னு சொல்லுவாங்க, இல்லன்னா இன்ஷூரன்ஸ்லேருந்து கேரண்டி லெட்டர் கேப்பாங்க. நாலு பேரை ஒரே வண்டில வேற போட முடியாது. அப்படியும் நீங்களும் மனைவியும் மட்டும் ஒரு மணி நேரம்னு எடுத்தா, ஹெல்மெட் ரெண்டு பேருக்கும், பெர்மிட் கையில, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி கீறல் எல்லாத்தையும் வீடியோ எடுங்க, பாஸ்போர்ட்டை அடமானமா கேட்டா குடுக்காதீங்க, காசு டெபாசிட் தரேன்னு சொல்லுங்க, ஒத்துக்கலன்னா வேற கடை.

இப்ப கடல். நீங்க போற ஜூலைல மழை அதிகம் இருக்காது, வானம் நீலமா இருக்கும், பார்த்தா அவ்வளவு சாதுவா தெரியும், ஆனா தெற்கு, மேற்குக் கரையில அந்த மாசங்கள்லதான் பெரிய அலை வரும், சர்ஃபிங் ஆளுங்க அதுக்காகவே வருவாங்க. கூத்தா, லெகியான், செமின்யாக், சங்கு இந்த பீச் எல்லாத்துலயும் ரிப் கரண்ட் உண்டு, கரைக்கு வந்த தண்ணி ஒரு குறுகலான வழியில திரும்ப கடலுக்கு வேகமா ஓடற ஓட்டம் அது. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடைஞ்சுக்கிட்டு இருக்கும், நடுவுல ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாம, கொஞ்சம் கருநிறமா, அமைதியா கிடக்கும். நீச்சல் தெரியாதவங்க குழந்தையைக் கூட்டிட்டு நேரா அந்த அமைதியான இடத்துக்குத்தான் போவாங்க, நான் செமின்யாக்ல ஒரு குடும்பத்தை அப்படிப் பார்த்து ஓடிப்போய் கையைப் பிடிச்சு இழுத்திருக்கேன், முட்டி அளவு தண்ணிலயே அந்தப் பையனோட காலுக்கு அடியிலேருந்து மணல் வழுக்கிக்கிட்டுப் போயிட்டு இருந்துச்சு.

அதனால விதி எளிது: சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி ரெண்டு நட்டிருப்பாங்க, அதுக்கு நடுவுல மட்டும் இறங்குங்க, அங்கதான் லைஃப்கார்டு கண்ணு இருக்கும். முழுச் சிவப்புக் கொடி இருந்தா கால் நனைக்கறதோட சரி. சாயங்காலம் லைஃப்கார்டு போனப்புறம் இறங்கவே வேணாம். யாராவது இழுத்துட்டுப் போனா கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக்கூடாது, அப்படித்தான் களைச்சுப் போய் மூழ்கறாங்க, மிதந்துக்கிட்டே கையைத் தூக்கிக் காமிக்கணும், நீந்தத் தெரிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளிய வரணும். பாப்பாவும் அம்மாவும் தண்ணில விளையாடணும்னா சனூர் இல்லன்னா நூசா துவா பக்கம் ரூம் போடுங்க, அங்க பவளப்பாறை அலையைத் தடுத்துடும், தண்ணி குளம் மாதிரி இருக்கும்.

நூசா பெனிடா தீவுக்குப் போகணும்னு கண்டிப்பா ஆசை இருக்கும், போங்க, அழகு. ஆனா கெலிங்கிங் ங்கற பாறை உச்சில நின்னு பார்த்துட்டு வந்துடுங்க, கீழ பீச்சுக்கு இறங்கற படி செங்குத்து, அம்மாவும் குழந்தையும் வேணவே வேணாம். ஏஞ்சல்ஸ் பில்லபாங் ன்னு பாறைக்குள்ள ஒரு குளம், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், கடல் பக்கத்துலேருந்து திடீர்னு ஒரு பெரிய அலை ஏறி வந்து ஆளைத் துடைச்சுட்டுப் போயிடும், அப்படி உயிரை விட்டவங்க இருக்காங்க, ஓரத்துல நின்னு போட்டோ எடுக்கறதும் வேணாம். பாறை ஈரமா இருந்தா அலை அது வரைக்கும் வருதுன்னு அர்த்தம், காஞ்ச பாறையில மட்டும் நில்லுங்க.

படகு சனூர்லேருந்து காலைல முதல் ட்ரிப்ல போங்க, மதியத்துக்கு மேல கடல் கொந்தளிப்பாயிடும். லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில இருக்குன்னு சொன்னா எடுத்துப் போட்டுக்குங்க, பாப்பா சைஸ் இருக்கான்னு ஏறதுக்கு முன்னாடியே கேளுங்க, இல்லன்னா ஏறாதீங்க. 2025 ஜூலை 2ந்தேதி ராத்திரி ஜாவாவுலேருந்து பாலிக்கு வந்த ஒரு ஃபெர்ரியே பாலி ஜலசந்தில மூழ்கிடுச்சு, பெரிய கப்பலுக்கே அந்த மாசத்துக் கடல் அப்படி. அலை அதிகம்னு துறைமுகத்துல படகை நிறுத்தினா சண்டை போடாதீங்க, டூர் காசு போனா போகட்டும். திரும்பி வர்ற ஃப்ளைட் நாளன்னைக்கு தீவு ட்ரிப் வைக்கவே கூடாது.

குரங்கு. உபுத் மங்கி ஃபாரஸ்ட்லயும் உலுவாத்து கோயில்லயும் குரங்குங்க கண்ணாடி, போன், தொப்பி, கம்மல் எல்லாத்தையும் பறிக்கும், உலுவாத்துல பழம் குடுத்தாதான் திருப்பித் தரும்ங்கற அளவுக்குப் பழகியிருக்கு. பொருள் போறது கூட பரவாயில்ல, கடி, பிராண்டல்தான் விஷயம். பாலில 2008லேருந்து ரேபிஸ் இருக்கு, நாய்கிட்டேருந்துதான் முக்கியமா, ஆனா குரங்கு கடிச்சாலும் டாக்டர் ரேபிஸ் ஊசிதான் யோசிப்பாங்க. பாப்பாவுக்கு இப்பவே சொல்லி வைங்க, தெருநாய்க்குட்டியைத் தூக்கக்கூடாது, குரங்கு கண்ணைப் பார்த்து சிரிக்கக்கூடாது, பல்லைக் காமிச்சா அது சண்டைக்கு வர்றோம்னு நினைக்கும். ஏதாவது பட்டுட்டா, சின்ன கீறலா இருந்தாலும், ஓடற தண்ணில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும், அப்புறம் அன்னைக்கே ஆஸ்பத்திரி, ஊருக்கு வந்து பார்த்துக்கலாம்ங்கற பேச்சே கூடாது.

காசு. டாலர் எடுத்துட்டுப் போனா மடிப்பு, பேனா கோடு இல்லாத புது நோட்டா வாங்கிட்டுப் போங்க, கசங்கின நோட்டுக்கு ரேட்டைக் குறைப்பாங்க, வாங்காமலும் இருப்பாங்க. கூத்தா பக்கம் டீ ஷர்ட் கடை பின்னாடி, மசாஜ் கடை மூலையில எல்லாம் பெரிய போர்டுல அதிக ரேட் எழுதி மணி சேஞ்சர்னு வச்சிருப்பாங்க. நான் ஒரு தடவை நின்னு பார்த்தேன், 20 ஆயிரம் நோட்டா எடுத்து டேபிள்ல பத்து லட்சம் பத்து லட்சமா அடுக்கறான், நம்மளையே எண்ணச் சொல்றான், கணக்கு சரியா இருக்கு, உடனே நேரா அடுக்கித் தரேன்னு திரும்ப வாங்கி டேபிள் விளிம்புல தட்டறான், அந்தத் தட்டறப்போ கட்டை விரல் அடியில இருக்கற நோட்டை டேபிளுக்குப் பின்னாடி தள்ளிடுது. என் கூட வந்தவர் ரூம்ல போய் எண்ணினா 4 லட்சம் கம்மி. கடைசியா எண்ணின கை உங்க கையா இருக்கணும், எண்ணினதும் நேரா பைக்குள்ள. கண்ணாடிக் கதவு, கம்ப்யூட்டர் ரசீது, பேங்க் இந்தோனேஷியா லைசென்ஸ் போர்டு இருக்கற கடைக்கு மட்டும் போங்க, பெர்இசின் ன்னு எழுதியிருக்கும், அனுமதி பெற்றதுன்னு அர்த்தம்.

ஏடிஎம் பேங்க் கிளைக்குள்ள இருக்கறதா பாருங்க. அங்க நிறைய மெஷின்ல முதல்ல காசு வரும், அப்புறம்தான் கார்டு வரும், காசை எடுத்ததும் பழக்கத்துல நடந்துடுவோம், கார்டு உள்ளேயே போயிடும். விலை பேசும்போது ரிபு ன்னா ஆயிரம், ஜூத்தா ன்னா பத்து லட்சம், மெனு கார்டுல 50கே ன்னு இருந்தா 50 ஆயிரம். 10 ஆயிரம் நோட்டையும் 1 லட்சம் நோட்டையும் அவசரத்துல மாத்திக் குடுத்துடாதீங்க, பர்ஸ்ல தனித்தனி அறையில வைங்க.

சாப்பாட்டுல குழாய்த் தண்ணி குடிக்க வேணாம், பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணி. யாருக்காவது இறால் அலர்ஜி, வேர்க்கடலை அலர்ஜி இருந்தா கவனம், சம்பல் ங்கற மிளகாய்ச் சட்னில தெராசி ன்னு இறால் விழுது கலந்திருக்கும், காய்கறிக் கூட்டுன்னு நினைச்சு சாப்பிடறதுல கூட இருக்கும், கடோ கடோ ங்கற காய்கறி சாலட், சத்தே ங்கற குச்சிக் கறி ரெண்டுக்கும் பெரும்பாலும் கடலைச் சாஸ்தான். அம்மா சைவம்னா தன்பா டாகிங், தன்பா தெராசி ன்னு சொல்லச் சொல்லுங்க, கறி வேணாம், இறால் விழுது வேணாம்னு அர்த்தம். அராக் ங்கற நாட்டுச் சாராயம், யார் காய்ச்சினதுன்னு தெரியாத காக்டெய்ல், இது ரெண்டும் தொடவே வேணாம், மெத்தனால் கலந்து கண்ணு போனவங்க, உயிரே போனவங்க இருக்காங்க. கொசு கடிக்காம பார்த்துக்குங்க, டெங்கு வருஷம் முழுக்க இருக்கு.

கோயிலுக்குப் போகும்போது இடுப்புல சாரோங், மேல ஒரு கச்சை கட்டணும், வாசல்லயே கிடைக்கும். மாதவிடாய் நேரத்துல பெண்கள் உள்ள வரக்கூடாதுன்னு போர்டு இருக்கும், அது அவங்க ஊர் வழக்கம். நடைபாதைல ஓலைத் தட்டுல பூ வச்சிருப்பாங்க, சனாங் சாரி ன்னு பேர், மிதிக்காம நடங்க. கோயில் மேடை மேல ஏறி போட்டோ எடுத்து டீபோர்ட் ஆன கதை நிறைய. ஜூலைல உங்களுக்கு வராது, ஆனா மார்ச்ல யாராவது போறதா இருந்தா ஞேபி ங்கற பாலிப் புத்தாண்டு மௌன நாள் தேதியைப் பார்த்துட்டு டிக்கெட் போடச் சொல்லுங்க, அன்னைக்கு 24 மணி நேரம் ஏர்போர்ட்டே மூடிடுவாங்க, ஹோட்டல் வாசலை விட்டு வெளிய வரக்கூடாது.

எரிமலை. 2017 நவம்பர்ல ஆகுங் வெடிச்சு ஏர்போர்ட் மூடினாங்க, அப்புறம் 2024 நவம்பர்லயும் 2025 ஜூன், ஜூலைலயும் கிழக்குல தள்ளி ஃப்ளோரஸ் தீவுல இருக்கற லெவோதொபி லாக்கி லாக்கி சாம்பலைக் கக்கி பாலி ஃப்ளைட் வரிசையா கேன்சல் ஆச்சு. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ரெண்டு நாள் மாட்டிக்கலாம், அதனாலதான் மாத்திரை எக்ஸ்ட்ரா சொன்னேன். இன்ஷூரன்ஸை டிக்கெட் போட்ட அன்னைக்கே எடுங்க, எரிமலை நியூஸ்ல வந்தப்புறம் எடுத்தா தெரிஞ்ச விஷயம்னு சொல்லி கவர் பண்ண மாட்டாங்க. அம்மாவோட பிபி, சுகரை மறைக்காம ஃபார்ம்ல எழுதுங்க, மறைச்சிட்டு க்ளெய்ம் போனா அங்கதான் மாட்டும்.

டென்பசார்ல இந்தியத் தூதரக ஆபீஸ் இருக்கு, பாஸ்போர்ட் தொலைஞ்சா முதல்ல போலீஸ்ல ரிப்போர்ட் வாங்கிட்டு அங்க போகணும், பாஸ்போர்ட் ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவும் பெட்டியில தனியா இருந்தா வேலை பாதியா குறையும். அவசரத்துக்கு 112, போலீஸ் 110. நாள் கணக்குல இறங்கின நாளே முதல் நாள், ஏழு நாள் ட்ரிப்புக்கு இது தேவையில்ல, ஆனா எரிமலை மாதிரி ஏதாவது வந்து நீண்டு போனா 30 தாண்டற ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம், அதனால ஃப்ளைட் கேன்சல் ஆன மெயிலை அழிக்காம வச்சிருங்க. கிளம்பற நாள் சங்கு, உபுத் பக்கம் தங்கியிருந்தா ஏர்போர்ட்டுக்கு டிராஃபிக் ரொம்ப மோசம், ஃப்ளைட்டுக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடியே வண்டி ஏறிடுங்க, அம்மா பாத்ரூம் போகணும்னு சொன்னா நிறுத்தறதுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.